கர்ணனின் கவசத்துக்குப் பட்டி பார்த்த கதை

கர்ணன் தன் உடலோடு பிறந்த கவசத்தை அறுத்து, அந்தணர் வேடத்தில் வந்து நிற்கும் இந்திரனிடம் கொடுக்கும் காட்சியை எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் மேடையேற்றுவது என்று 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவானது. கவசத்தை யார் செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, யோசிக்காமல் கையைத் தூக்கியவன் நான்தான். வாரத்தில் ஐந்து நாட்கள் கணக்கு ஏடுகளோடும், சனிக்கிழமைகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் அரிச்சுவடி படிக்கும் பிள்ளைகளோடும் பொழுதைக் கழிக்கும் எனக்கு, நெளிந்த கார்க் கதவை மட்டமாக்கப் பூசும் பசையைப் பற்றி அதுவரை ஒன்றும் தெரியாது. அடுத்த ஆறு மாதங்களில் எட்டுக் கிலோ பசையை வாங்கினேன். அதில் ஒரு கிலோவுக்கும் குறைவானதே கவசத்தின் மேல் இன்று இருக்கிறது. மற்றதெல்லாம் தூசியாகப் போயிற்று, அல்லது டப்பாவிலேயே கல்லாக இறுகிப் போயிற்று. வீட்டில் வேடக் கவசம் செய்ய நினைப்பவர்கள் இவ்வளவு வீணாக்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

டர்பன் கடைகளில் அதை பாடி ஃபில்லர் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டு டிங்கரிங் பட்டறைகளில் அதற்குப் பட்டி என்று பெயர். நானும் அப்படியே சொல்கிறேன். பாலியெஸ்டர் ரெசின் என்ற செயற்கைப் பிசினில் டால்க் போன்ற மாவைக் கலந்த கெட்டிப் பசை அது. கூடவே வரும் சிறு குழாயில் சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும் ஹார்டனரைச் சேர்த்துக் குழைத்தால், ஐந்து நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கி, அரை மணி நேரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பதத்துக்கு வந்துவிடும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஜேக்கப்ஸ் பகுதியில் நாற்பது ஆண்டுகள் பேனல் பீட்டராக, அதாவது நெளிந்த கார்த் தகடுகளைத் தட்டிச் சீராக்குபவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா. அவருக்குக் கர்ணனைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதும் எனக்கு வசதியாகப் போயிற்று.

தெருக்கூத்தை இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வார்கள். மாமா சிறுவனாக இருந்தபோது விடிய விடிய உட்கார்ந்து அதைப் பார்த்தவர். கூத்துக்காரர்கள் அணியும் மார்புப் பதக்கமும் புஜக்கீர்த்தியும் கிரீடமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்யப்படுபவை. அந்த மரம் இரவு முழுவதும் சுமந்து ஆடக்கூடிய அளவுக்கு எடை குறைந்தது. டர்பன் தெருக்களில் குளிர்காலத்தில் இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் மரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதையே செதுக்கியிருக்கலாமே என்று மாமா பின்னாளில் பலமுறை கேட்டார். ஆனால், நாடகத்தை இயக்கிய ஆசிரியை விரும்பியது வேறு: உடம்போடு ஒட்டிய பொன்தோல் போல, விலா எலும்பும் மார்புத் தசையும் தெரியும்படி, பளபளப்பாக, ஒரே இழுப்பில் கழன்று வரக்கூடிய கவசம். பதினாறு வயதுப் பையன் அணிய வேண்டும் என்பதால், மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது என்று நானாக ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்.

அடித்தளம் செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பையனுக்குப் பழைய டி-ஷர்ட் ஒன்றை அணிவித்து, அதன் மேல் டக்ட் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றி, அதையே துண்டுகளாக அறுத்துப் பரப்பினால் உடம்பின் அளவுத்தாள் கிடைத்துவிடும். அந்த அளவில் கெட்டி அட்டையை வெட்டி ஒட்டி, வெளியே பாலியெஸ்டர் ரெசினைப் பூசி, உள்ளே கண்ணாடி இழைப் பாயை ரெசினில் ஊறவைத்துப் படியவைத்தேன். இதில் நான் செய்த ஒரு தவறுதான் பிறகு மூன்று வாரங்களை விழுங்கியது. ரெசினில் நனைந்த அட்டை இறுகும்வரை துவண்டு கிடக்கும். உள்ளே குறுக்குக் குச்சிகளை ஒட்டி முட்டுக் கொடுத்த பிறகே நனைக்க வேண்டும். நான் முட்டுக் கொடுக்கவில்லை. பிப்ரவரி மாதத்து டர்பன் ஈரக்காற்றில் அட்டை ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருந்தது வேறு. காலையில் வந்து பார்த்தால் கர்ணனின் இடது மார்பு வலது மார்பைவிட எட்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது.

பட்டி எதற்கு இருக்கிறது என்று நினைத்து, அந்த எட்டு மில்லிமீட்டரையும் பட்டியாலேயே ஏற்றினேன். மேலே போட்டேன், தேய்த்தேன், மறுபடி போட்டேன். மூன்றாம் வாரம் மாமா வந்து கவசத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். முகப்பை ஒன்றும் சொல்லவில்லை. திருப்பி உட்புறத்தைப் பார்த்துவிட்டு, “கோணியது அட்டை, நீ மருந்து போட்டது தோலுக்கு” என்றார்.

அவர் அன்று ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. முன்பக்கத் தகட்டின் பரப்பு ஏறக்குறைய 2,250 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் சராசரியாக மூன்று மில்லிமீட்டர் பட்டி நின்றால் 675 கன சென்டிமீட்டர். சாதாரணப் பட்டியின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு, ஆகவே முன்பக்கத்தில் மட்டும் 1.2 கிலோ சுமை. ஒரு மில்லிமீட்டரோடு நிறுத்தினால் 400 கிராம்தான். நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைக் கலந்த எடை குறைந்த பட்டியும் கிடைக்கிறது, தேய்க்கவும் அது எளிது. ஆனாலும் அதைப் போட்டு எட்டு மில்லிமீட்டரை ஏற்றுவதை மாமா ஒப்புக்கொள்ளவில்லை. எடையைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. கண்ணாடி இழைத் தகடு சற்று வளைந்து கொடுக்கும். இறுகிய பட்டி கொடுக்காது. தடிப்பு கூடக் கூட அந்தப் பிடிவாதமும் கூடி, ஒருநாள் தகடு வளையும்போது பட்டி விரிசல் விடும், அல்லது பாளமாகக் கழன்று விழும்.

ஆகவே மூன்று வார வேலையை ஒரே பகலில் தேய்த்து எடுத்தோம். இடது மார்பின் ஓரத்தில் ரம்ப பிளேடால் இரண்டு இடங்களில் பிளந்து, உள்ளேயிருந்து மரக்கட்டையால் தள்ளி நிறுத்தி, பிளவின் மேல் உட்புறமாகப் புதிய இழையைப் படியவைத்தபோது, எட்டு மில்லிமீட்டர் கோணல் ஒன்றரை மில்லிமீட்டராகக் குறைந்தது. மறுநாள் ரெசின் மேற்பரப்பில் மிச்சமிருந்த பிசுபிசுப்பை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, 80-ஆம் எண் உப்புத்தாளால் முழுவதும் கீறிவிட்டோம். வழவழப்பான ரெசினில் பட்டி பிடிக்காது. கீறலில்தான் அது வேர்விடும்.

குழைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் தோன்றும் குறைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஹார்டனர் என்பது பொதுவான அளவு. டப்பாவில் எழுதியிருப்பதை முதலில் படிக்க வேண்டும். தராசு வைத்துக்கொண்டு யாரும் பட்டி குழைப்பதில்லை என்பதால், மாமா கண்ணளவு சொன்னார்: சிறிய எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குச் சுண்டைக்காய் அளவு ஹார்டனர். குழைப்பதற்கு அட்டைத் துண்டு கூடாது, அது ரெசினை உறிஞ்சிக்கொண்டு கலவையின் அளவைக் கெடுத்துவிடும். பழைய கண்ணாடித் துண்டோ வழவழப்பான பிளாஸ்டிக் பலகையோ போதும். நான் முதலில் முட்டையை அடிப்பதைப்போல் சுழற்றிச் சுழற்றிக் கலந்துகொண்டிருந்தேன். அப்படிக் கலந்தால் காற்று உள்ளே புகுந்து, பிறகு தேய்க்கும்போது நூற்றுக்கணக்கான ஊசித்துளைகளாக வெளிப்படும். தட்டையான தகட்டால் பசையை அள்ளி, மடித்து, பலகையில் அழுத்தி இழுத்து, மறுபடி அள்ளி மடிக்க வேண்டும். புரோட்டாவுக்கு மாவை மடிப்பது போன்ற கைவேலை அது. சிவப்புக் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் ஒரே இளஞ்சிவப்பு நிறமாக வந்தவுடன் நிறுத்திவிட்டுப் பூச வேண்டும். கோடு தெரிந்தால் அந்த இடம் மட்டும் வேறு வேகத்தில் இறுகும்.

பூசும்போது முதல் இழுப்பு மிக மெல்லியதாக, தகட்டைப் படுக்கவைத்து, கை வலிக்கும் அளவுக்கு அழுத்திப் பூசப்பட வேண்டும். கீறல்களுக்குள் பசையைத் திணிப்பதே அந்த இழுப்பின் வேலை. அதன் மேல்தான், அதே கலவையில் மிச்சமிருப்பதைக் கொண்டு, வேண்டிய உயரத்தைக் கொடுக்க வேண்டும். பசை கயிறு கயிறாக இழுபடத் தொடங்கிய பிறகும் அதைச் சரிசெய்யும் ஆசையில் தகட்டை ஓட்டினால், பூசியதும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். அந்த ஆசையை அடக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

டர்பன் வெயிலும் இதில் ஒரு பங்காளி. பிப்ரவரி, மார்ச்சில் நண்பகல் வேளையில் குழைத்தால், மூன்று நிமிடத்துக்குள் கையிலேயே இறுகிவிடும். ஜூலை மாதக் காலையில் அதே கலவை சாவகாசமாகப் பத்து நிமிடம் காத்திருக்கும். வெயில் காலத்தில் ஹார்டனரைக் குறைத்தும், குளிர்காலத்தில் கூட்டியும் சமாளிக்கலாம் என்று நான் நினைத்தேன். குறைத்துப் போட்ட இடம் இரண்டு நாளாகியும் பிசுக்கென்று இருந்து உப்புத்தாளை அடைத்தது. கூட்டிப் போட்ட இடத்தில் துளைகள் அதிகமாகி, வண்ணத்துக்கு மேலேயே கறை கசிந்தது. மாமாவின் வழி வேறு: ஹார்டனர் அளவை அதிகம் மாற்றாதே, குழைக்கும் உருண்டையைச் சிறிதாக்கு, காலை ஏழு மணிக்குக் குழை, டப்பாவை நிழலில் வை. பலகையில் மிஞ்சிய கட்டி இறுகும்போது நன்றாகச் சூடேறும் என்பதால், அதைக் காகிதக் குப்பையில் உடனே போடாமல் சிமெண்ட் தரையில் ஆறவிடச் சொன்னார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பட்டி முழுவதும் இறுகிய பிறகே அதைத் தொட வேண்டும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். உண்மையில் உருவத்தை வெட்டுவதற்கு ஏற்ற நேரம் அதற்கு முன்னாலேயே வந்து போய்விடுகிறது. பூசிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. குளியல் சோப்பின் கடினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதத்தில், சமையலறைத் துருவியைப்போல் பற்கள் நிறைந்த துருவல் அரத்தை மெல்ல ஓட்டினால், பட்டி சுருள் சுருளாக உதிர்கிறது. தூசியே கிளம்புவதில்லை. இறுகிய பிறகு ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டியதை இங்கே ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். முன்னதாகத் துருவினால் பசை பற்களில் அப்பி, ஓரங்கள் பிய்ந்து வரும். பத்து நிமிடம் தாமதித்தால் அரம் வழுக்கிக்கொண்டு கீச்சிடும். அந்த இடைவெளியைத் தவறவிடாமல் இருப்பதற்காகவே நான் ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் பூசப் பழகினேன்: இன்று இடது மார்பு, நாளை விலா.

விலா எலும்புகளை நான் முதலில் பட்டியை நீளமாக உருட்டி ஒட்டித்தான் செய்தேன். அவை மண்புழுக்கள் ஒட்டியதைப்போல் இருந்தன. எலும்பு இருக்கும் பரப்பு முழுவதையும் சற்று உயர்த்தி மட்டமாகப் பூசிவிட்டு, எலும்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைச் சோப்புப் பதத்தில் தோண்டி எடுத்தபோதுதான் அது மனித உடம்பானது. சிற்பிகளுக்கு இது பழைய செய்தி, எனக்குப் புதிது. பட்டியை வைத்து உருவத்தைக் கட்டுகிறோம் என்று நினைத்தவரை எல்லாம் தடித்துக்கொண்டே போயிற்று. பூசுவது எடுப்பதற்காகத்தான் என்று புரிந்த நாளிலிருந்து கவசத்தின் எடை கூடவில்லை.

மார்புத் தசையின் கீழ்விளிம்பு கூர்மையான கோடாகத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு மாஸ்கிங் டேப்பை விளிம்புக் கோட்டின் மேல்புறம் ஒட்டி, கீழ்ப்பக்கத்தை டேப் வரை தேய்த்தேன். பிறகு டேப்பை எடுத்துக் கீழ்ப்பக்கத்தில் ஒட்டி, மேல்பக்கத்தைத் தேய்த்தேன். இரண்டு பரப்புகளும் சந்திக்கும் இடத்தில் தானாகவே கோடு பிறக்கிறது. வெறும் கையால் அந்தக் கோட்டை வரைய முயன்ற மூன்று முறையும் அது சோப்புக்கட்டியின் ஓரத்தைப்போல் மழுங்கிப்போயிருந்தது.

தேய்ப்பதற்கு 80-ஆம் எண்ணில் தொடங்கி 120, 180, 240 என்று போக வேண்டும். ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண் விட்ட கீறலை அழிப்பதற்காகத்தான் இருக்கிறது என்பதால், ஒன்றைத் தாண்டிக் குதித்தால் அந்தக் கீறல் வண்ணத்துக்குக் கீழே காத்திருந்து மேடையில் பல்லைக் காட்டும். தாளை விரலால் பிடித்துத் தேய்க்கவே கூடாது. மூன்று விரலும் மூன்று வாய்க்கால் வெட்டிவிடும். மட்டமான இடத்துக்கு மரக்கட்டை, குழிந்த இடத்துக்குத் தாள் சுற்றிய பிவிசி குழாய், புடைத்த இடத்துக்கு வளையும் ரப்பர்க் கட்டை. ஒரே திசையில் ஓட்டாமல், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குறுக்காகவும், பிறகு எதிர்க்குறுக்காகவும் ஓட்ட வேண்டும்.

சுழலும் தேய்ப்பு இயந்திரம் ஒன்றையும் கடன் வாங்கி வைத்திருந்தேன். அது வலது மார்பை இரண்டே நிமிடத்தில் தோசைக்கல்லைப்போல் தட்டையாக்கியது. மிச்சத்தையும் அது கெடுக்காமல் காப்பாற்றியது மின்வெட்டுதான். லோட் ஷெடிங் அட்டவணைப்படி ஒரு மாலை மின்சாரம் போக, இயந்திரம் நின்றது, கராஜில் இருட்டு. கருவிகளை எடுத்து வைக்கலாம் என்று கைவிளக்கை ஏற்றி மேசை மேல் படுக்கவைத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் கவசத்தின் மேல் விழுந்தது. பகல் முழுவதும் வழவழப்பாகத் தெரிந்த வயிற்றுப் பகுதியில், மழைக்காலத்து மண்சாலையைப்போல் மேடும் பள்ளமும் நிழல் விட்டுக்கொண்டு நின்றன. மேடை விளக்கும் பக்கத்திலிருந்துதான் விழும், பொன்வண்ணமோ எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக் காட்டும் என்று அப்போது உறைத்தது. அன்று முதல் மின்சாரம் இருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு, படுக்கவைத்த கைவிளக்கின் வெளிச்சத்தில்தான் சோதித்தேன். பள்ளத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, மறுநாள் கையால் தேய்த்தேன். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாமா விளக்கை நம்புவதில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உள்ளங்கைக்கும் பரப்புக்கும் நடுவே வைத்து, கண்ணை வேறெங்கோ திருப்பிக்கொண்டு, கையை நீளவாக்கில் மெதுவாக ஓட்டுவார். வெறும் தோல் பரப்பில் ஒட்டி இழுபடும். நடுவே மெல்லிய துணி இருந்தால் கை வழுக்கிச் செல்வதால், மேடுபள்ளம் மட்டுமே உணர்வுக்கு எட்டும். விரல்நுனியால் தடவிப் பார்ப்பவர்களுக்குச் சொரசொரப்புத்தான் தெரியும், வளைவு தெரியாது என்பார். நான் பென்சிலால் வட்டமிட்டதைவிட இரண்டு இடங்களை அவர் கை அதிகமாகக் கண்டுபிடித்தது.

புஜக்கீர்த்தியில் ஏற்பட்ட விபத்தையும் சொல்லியாக வேண்டும். எடை குறைய வேண்டும் என்று, தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தெர்மோகோலைச் செதுக்கி, அதன் மேல் நேராகப் பட்டியைப் பூசினேன். பட்டியில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைக்கும். என் கண் முன்னாலேயே அந்த அழகான மயில் வடிவம், சூடான சோற்றில் வைத்த வெண்ணெயைப்போல் உள்வாங்கிச் சரிந்தது. தெர்மோகோலின் மேல் வெள்ளைப் பசையில் நனைத்த செய்தித்தாளை நான்கைந்து அடுக்கு ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, இடைவெளி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இரண்டாவது முறை பட்டி போட்டேன். வேட உடை செய்பவர்கள் இப்போது விரும்பும் மெத்தை போன்ற ஈவா ஃபோம் இதைப்போல் கரைவதில்லை. ஆனால் அது மடங்கும் பொருள். அதன் மேல் பட்டி நிற்காது.

ஊசித்துளைகளுக்கு மறுபடியும் முழுப் பரப்பிலும் பட்டி போட வேண்டியதில்லை. அதற்கென்று வெண்ணெய் போன்ற மென்பட்டி தனியாக விற்கிறது. குழாயிலிருந்து பிதுக்கி அப்படியே தடவும் வகை காயக் காயச் சுருங்குகிறது. ஹார்டனர் கலக்கும் வகையே நம்பகமானது. ரேசர் பிளேடால் துளைகளின் மேல் அழுத்தி வழித்துவிட்டால் போதும். அதன் பிறகு, வண்ணத்துக்கு அடியில் பூசும் தடிப்பான பிரைமர் இரண்டு பூச்சு. பிரைமரின் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை ஓரடி தள்ளி நின்று தூறலைப்போல் மெல்லத் தூவி, 320-ஆம் எண் தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால், மேடுகளில் கறுப்பு அழியும், பள்ளங்களில் அழியாமல் நிற்கும். கணக்கில் விடுபட்ட தொகை எந்த வரியில் என்று காட்டிக்கொடுக்கும் சிவப்பு மையைப்போல அந்தக் கறுப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஈரத்தேய்ப்பு பிரைமருக்கும் வண்ணத்துக்கும் உரியது. தூசி பறக்காதே என்று வெறும் பட்டியின் மேல் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பட்டி தண்ணீரைக் குடித்துவிட்டது. அதைச் சரியாக உலரவிடாமல் மேலே பூசியதால், பத்து நாட்களில் முதுகுத் தகட்டின் வண்ணத்தில் கொப்புளங்கள் எழும்பின. முதுகு முழுவதையும் உரித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அப்படியானால் தூசியை என்ன செய்வது? சாட்ஸ்வொர்த்தின் இரட்டை வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். முதல் வாரம் கராஜ் கதவைத் திறந்து வைத்துத் தேய்த்ததில், அடுத்த வீட்டு அக்காவின் கொடியில் காய்ந்த புடவைகளின் மேல் இளஞ்சிவப்பு மாவு படிந்தது. அவர் சண்டை போடவில்லை. புடவைகளை எடுத்துவந்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார், துவைத்துக் கொடுக்கும்படி. பிறகு, அவர் துணி காயப்போடாத நாட்களைக் கேட்டு அறிந்துகொண்டு வேலை செய்தேன். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும்பும் என்பதால் ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். தேய்க்கும்போது எஃப்எஃப்பி2 தரத்து முகமூடி அவசியம். ஆனால் ரெசினும் பட்டியும் குழைக்கும்போது வரும் ஆவியை அது தடுக்காது. கரிம ஆவிக்கென்று விற்கும் வடிகுப்பி பொருத்திய முகமூடி வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். ரெசினை இறுகச்செய்யச் சேர்க்கும் திரவம் ஒரு துளி பட்டாலும் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால், அளக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இருக்கவே கூடாது. கண்ணாடி இழைத் தூசி கையில் பட்டு அரித்தால், சொறியாமல் முதலில் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும் என்பதை மாமாவின் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். நாற்பது ஆண்டு அனுபவம் அவருக்கும் உண்டு.

ஜூலை மாத ஒத்திகையில் கவசம் முதல் முறையாக மேடை ஏறியது. கர்ணன் வலது கையால் இடது தோளைப் பிடித்து இழுக்க, வெல்க்ரோ பட்டைகள் வரிசையாகக் கழன்று, முன்தகடு வளைந்து வெளியே வர வேண்டும். நான்காவது முறை இழுத்தபோது தோள்பட்டைக்குக் கீழே மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. பட்டை தைத்திருந்த இடத்திலிருந்து கழுத்து வரை மயிரிழை போன்ற விரிசல். முன்தகடு முழுவதும் மெல்லியதாகத்தான் இருந்தது. ஆனால் இழுக்கும்போது வளைவதெல்லாம் அந்த ஓர் இடத்தில் கூடுகிறது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அந்த விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை பட்டியை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, உட்புறம் இன்னோர் அடுக்கு இழை கொடுத்து, வெளியே வெறும் ரெசினோடு விட்டு, அதன் மேல் பொன்வண்ணம் அடித்த ஈவா ஃபோம் பட்டையை ஆபரணத்தைப்போல் ஒட்டினேன். மற்ற விளிம்புகளில், பொடி இழை கலந்த பட்டியைப் பயன்படுத்தினேன். அதைத் தேய்ப்பது கடினம், ஆனால் இடிபட்டால் சில்லு தெறிப்பதில்லை. விளிம்பைப் பட்டியாலேயே முடிப்பவர்கள், முதல் முறை கவசம் தரையில் விழும்போது வருந்துவார்கள்.

எங்கள் கவசமும் நாடகத்தன்று தரையில் விழுந்தது. இந்திரன் வேடமிட்ட சிறுவன் வாங்கத் தவறிவிட்டான். 2 கிலோ 700 கிராம் எடையுள்ள முன்தகடும் பின்தகடும் மேடைப் பலகையில் மோதிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அவையிலிருந்தவர்கள் அதை நாடகத்தின் பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள் போலும், கைதட்டினார்கள். விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

நாடகம் முடிந்து எல்லோரும் கர்ணனைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாமா திரைக்குப் பின்னால் வந்து, நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த கவசத்தின் முன்னே நின்றார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கழுத்திலிருந்து தொடங்கி, மார்பைத் தாண்டி, விலாவின் மேல் போன கை, இடது பக்கம் கடைசி விலாவுக்குக் கீழே வந்ததும் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வந்தது.

“இங்கே” என்றார்.

அடுத்த சனிக்கிழமை, கைவிளக்கைப் படுக்கவைத்து அந்த இடத்தைப் பார்த்தேன். ஐந்து ரேண்ட் நாணயத்தின் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்தது, ஆழம் ஒரு தாளின் கனம்தான் இருக்கும். அதை நிரப்ப வேண்டுமானால் முன்பக்கம் முழுவதற்கும் மறுபடி பொன்வண்ணம் அடிக்க வேண்டும் என்பதால் தொடவில்லை. கவசம் இப்போது கராஜில், வெயில் படாத சுவரில், குறுக்குக் குச்சி கொடுத்துத் தொங்குகிறது.